திண்ணைப் பேச்சு: இட்டிலியும் இறகுப்பந்தும்

மார்கழி பிறந்துவிட்டால் மல்லேஸ்வரத்தில் விடியற்காலையில் வீட்டைவிட்டு வெளியே வருவதற்குச் சிறிது துணிவு வேண்டும். கம்பளிக் குல்லாயும் கழுத்தில் சுற்றிய சால்வையுமாக நாம் மார்கோசா சாலையில் நடந்து பதினைந்தாம் குறுக்குத் தெருவை அணுகும்போது, நமக்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் நின்றுகொண்டிருக்கும். வீணா ஸ்டோர்ஸ் என்னும் அந்தச் சிறிய கடையில் தட்டைக் கையில் ஏந்தி, நடைபாதையில் நின்றபடியே உண்பதுதான் வழக்கம். நீதிபதியானாலும் நிலக்கடலை விற்பவரானாலும் இட்டிலியின் முன் இருவருக்கும் ஒரே வரிசைதான். சட்டினியில் நனைந்த இட்டிலியை விண்டு வாயில் இட்டதும் நம் மனம் ஊர் சுற்றத் தொடங்கிவிடும். இத்திங்கள் அது சற்று அதிகமாகவே சுற்றிவிட்டது. ஜாவாத் தீவு வரை போய், ஜப்பானைத் தொட்டு, கொரியாவில் சிறிது தங்கி, முடிவில் நம் சங்கத்துக் கூட்ட அறைக்கே வந்து நின்றது. நேயர்களையும் அந்த வழியே அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். கார்த்திகைத் திங்களில் நம் செயற்குழு கூடியது. பொங்கல் விழா நிகழ்ச்சிகளை முடிவு செய்வதே அன்றைய பொருள். கோலப் போட்டி, வில்லுப்பாட்டு, குழந்தைகளின் குறள் ஒப்பித்தல் ஆகியன வழக்கம்போல் ஒரு மனதாக நிறைவேறின. கடைசியில் ஒரு விண்ணப்பம் வந்தது. ஞாயிறுதோறும் நம் தமிழ் வகுப்புக்கு வருகிற பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் தோழியர் மூவருடன் கொரியப் பாட்டு ஒன்றுக்கு ஆட அனுமதி கேட்டு எழுதியிருந்தாள். தமிழில்தான் எழுதியிருந்தாள். நான்கு வரியில் ஐந்து பிழைகள். ஒருவர் அதை உரக்கப் படித்துவிட்டு, “இது தமிழ்ச் சங்கமா, கொரியச் சங்கமா?” என்றார். அனைவரும் நகைத்தார்கள், நாமும் நகைத்தோம். மறுப்பவர் கை உயர்த்துக என்றபோது நம் கையும் உயர்ந்தது. அடுத்த ஞாயிறு முதல் அந்தச் சிறுமி வகுப்புக்கு வரவில்லை.

இது நிற்க. இட்டிலிக்கு வருவோம்.

இட்டிலி தமிழனின் தனிச்சொத்து என்று நாம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த எண்ணத்தைக் கலைத்தவர் உணவு வரலாற்று அறிஞர் கே. டி. அச்சயா. இட்டிலியைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கன்னடத்திலேயே கிடைக்கிறது. கி.பி. 920 அளவில் சிவகோட்டி ஆசாரியர் இயற்றிய ‘வட்டாராதனை’யில் ‘இட்டளிகெ’ என்னும் பெயர் வருகிறது. 1130 அளவில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் ‘மானசோல்லாச’ என்னும் வடமொழி நூலிலும் அது இடம்பெறுகிறது. தமிழ் நூல்களில் இட்டிலி தலைகாட்டுவது இவற்றுக்கெல்லாம் மிகப் பிந்தியே. இதைப் படித்த அன்று நமக்குச் சற்று மனவருத்தம் ஏற்பட்டது உண்மை. ஆனால் வருத்தப்பட்டவர்கள் நாம் மட்டும் அல்லர். நம் கன்னட நண்பர்கள் மகிழ்ந்து முடிப்பதற்குள் அச்சயா அவர்களுக்கும் ஒரு குண்டு வைத்திருந்தார்.

அப்பழைய இட்டிலி உளுந்து மட்டும் கொண்டு செய்யப்பட்டது. அரிசியைச் சேர்த்து அரைப்பது, இரவு முழுதும் புளிக்கவைப்பது, ஆவியில் வேகவைப்பது ஆகிய மூன்றும் அதில் காணப்படவில்லை என்று அவர் காட்டினார். ஆவியில் வேகவைக்கும் கலம் இந்நாட்டில் இல்லை என்று ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறித்திருப்பதையும் துணைக்கு அழைத்தார். புளிக்கவைக்கும் கலையில் தேர்ந்தது இந்தோனேசியா. அங்கே ஆண்ட இந்து அரசர்கள் 800-க்கும் 1200-க்கும் இடையில் இங்கு வந்து போனபோது, அவர்களுடன் வந்த சமையற்காரர்கள் இம்முறையைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். இதை எல்லோரும் ஒப்பவில்லை. பானையின் வாயில் துணியைக் கட்டி ஆவியில் வேகவைக்கத் தனிக்கலம் எதற்கு என்று கேட்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. வழக்கு இன்னும் தீரவில்லை.

தீர்ப்பு எப்படியாயினும் ஆகுக. இட்டிலி வந்த வழியில் கப்பல் சென்றது என்பதில் ஐயமில்லை. மலாய் மொழியில் கடையைக் ‘கெடை’ என்கிறார்கள், கப்பல் அங்கே ‘காப்பால்’, வணிகத்துக்குப் போடும் முதல் அங்கே ‘மோடால்’, ஆப்பம் ‘ஆப்பாம்’. நம் முன்னோர் சென்ற இடத்தில் சொல்லைக் கொடுத்தார்கள். வேறு எதையோ வாங்கிவந்தார்கள். கொடுத்ததை மட்டும் கணக்கில் எழுதி, வாங்கியதை எழுதாமல் விடுவது நல்ல வணிகர்க்கு அழகன்று.

ரவை இட்டிலியின் கதை இன்னும் அண்மையது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிப் பஞ்சத்தில் ரவையைக் கொண்டு இட்டிலி வார்த்துப் பார்த்ததாகப் பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகத்தார் கூறுவர். அதே ஆண்டில் பர்மாவிலிருந்து காட்டு வழியே கால்நடையாகத் தாயகம் திரும்பிய தமிழர்கள் எண்ணற்றோர். வழியில் மாண்டவர்களும் பலர். பின்னர் 1960களில், அங்கே ஆட்சி மாறிக் கடைகளெல்லாம் அரசுடைமை ஆனபோது, எஞ்சியிருந்தவர்களும் கப்பலேறினர். அவர்கள் கையோடு கொண்டுவந்த ‘அத்தோ’ என்னும் நூடுல்ஸ் உணவு இன்றும் சென்னைக் கடற்கரைச் சாலையை அடுத்த தெருக்களில் மாலைதோறும் விற்கிறது. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்களிடம் எஞ்சியது நாவின் நினைவு ஒன்றே. குடிபெயர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மல்லேஸ்வரத்து மாலை நேரக் கதையோ வேறு. சம்பிகெ சாலைப் பக்கம் சென்றால் கோபி மஞ்சூரியன் வண்டியைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்க்கிறார்கள். மஞ்சூரியாவில் இப்படி ஒரு பண்டம் கிடையாது. கல்கத்தாவில் பிறந்த சீன வழியினர் நெல்சன் வாங் 1975-இல் பம்பாயில் கோழியைக் கொண்டு ஆக்கிய உணவு அது என்பர். பின்னர் கோழி போய்க் காலிபிளவர் வந்தது. பெயர் மட்டும் மஞ்சூரியாவிலேயே தங்கிவிட்டது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு அதில் கலக்கும் செயற்கை நிறங்களுக்குத் தடை விதித்தது. பண்டத்தை அரசு தடுக்கவில்லை. நஞ்சை மட்டுமே தடுத்தது. எதைத் தடுப்பது, எதை விடுவது என்பதில் அந்த அரசாணை நம் செயற்குழுவைவிடத் தெளிவாக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

இனி விளையாட்டு. இட்டிலி தின்ற கையோடு நம் பேட்டையின் பழம்பெருமை ஒன்றையும் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். மல்லேஸ்வரத்தில் கனரா யூனியன் என்று ஒரு மன்றம் உண்டு. அதன் மண்டபம் கலியாணத்துக்கும் இறகுப்பந்துக்கும் பொதுவாக இருந்தது. முகூர்த்த நாளில் பந்தல், இலை, நாகசுரம். மற்ற நாள்களில் வலையும் மட்டையும். அந்த மண்டபத்தில் முகூர்த்தமில்லா நாள்களை எண்ணி எண்ணி ஆடிப் பழகிய சிறுவரே பிரகாஷ் படுகோன். 1971 முதல் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் அவருடையதாக இருந்தது. 1980 மார்ச்சில் லண்டன் வெம்பிளியில் அகில இங்கிலாந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் 15-3, 15-10 என்று வென்று, அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

எதிரே நின்றவர் யார்? 1978, 1979 ஆகிய ஈராண்டும் அதே பட்டத்தை வென்றிருந்த இந்தோனேசியர் லீம் ஸ்வீ கிங். எம்பிக் குதித்து அவர் அடிக்கும் அடியைக் கண்டு உலகமே அஞ்சியது. படுகோன் அந்த வேகத்துக்கு வேகத்தால் விடை சொல்லவில்லை. பந்தை மெல்லத் தூக்கினார். வலையோரம் மெல்ல இறக்கினார். எதிரியின் காலை ஓயவைத்தார். இடியை மண்டபத்துப் பொறுமை வென்றது என்க. இட்டிலியை நமக்கு ஜாவா கொடுத்திருந்தால், அக்கடனுக்கு ஒரு பகுதியையேனும் மல்லேஸ்வரம் அன்று வேறு வகையில் தீர்த்துவிட்டது என்று நம் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எஞ்சியதை 2022 மே 15 அன்று பாங்காக்கில் நம் இளைஞர்கள் தீர்த்தார்கள். தாமஸ் கோப்பை இறுதியில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, இந்தியாவுக்கு முதன்முறையாக அக்கோப்பையைக் கொணர்ந்தார்கள். முதல் ஆட்டத்தை வென்று கொடுத்த லக்ஷ்யா சென், படுகோன் 1994-இல் இதே பெங்களூரில் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்.

ஆனால் நம் மனம் வென்றவரிடம் நிற்காமல் தோற்றவரிடம் சென்றது. லீம் ஸ்வீ கிங் ஜாவாவின் குடுஸ் நகரத்தில் பிறந்த சீன வழியினர். குடிபெயர்ந்தவர்களின் மரபில் வந்தவர். அவர் இந்தோனேசியாவுக்காக ஆடிப் புகழ் சேர்த்த அதே ஆண்டுகளில், சீனர்கள் தங்கள் பண்டிகைகளைப் பொதுவிடத்தில் கொண்டாடக் கூடாது என்று அந்நாட்டில் ஆணை நிலவியது. 1967-இல் பிறந்த அவ்வாணை 2000-இல்தான் நீக்கப்பட்டது. பதக்கம் வேண்டும், பண்டிகை வேண்டாம் என்ற அந்த நீதியைப் படிக்கும்போது குடிபெயர்ந்த எவர்க்கும் நெஞ்சு சற்று உறுத்தும்.

நமக்கும் அது தெரியாததன்று. அல்சூர் ஏரிக்கரையில் நிறுவிய நம் வள்ளுவர் சிலை 1991-இல் திறக்கப்படாமல் துணியும் சாக்குமாகப் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்ததை இந்நகரத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார். 2009 ஆகஸ்டு 9 அன்று அத்திரை விலகியது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மாநிலத்து நல்லவர்களும் கூடி முடித்துவைத்த காரியம் அது. அன்று நாம் அடைந்த மகிழ்ச்சி, ஒரு கல் உருவம் வெளிப்பட்டதற்காக மட்டுமன்று. ‘உனக்கும் இங்கே மேடை உண்டு’ என்று பிறர் சொல்லக் கேட்டதற்காக.

கடல் கடந்த தமிழர் பிள்ளைகளும் இறகுப்பந்தில் பெயர் பெற்றிருக்கிறார்கள். மலேசியாவின் பஞ்ச் குணாளன் 1971-இல் இங் பூன் பீயுடன் சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம் வென்றார். 1974-இல் ஒற்றையர் இறுதி வரை வந்து இந்தோனேசியாவின் ரூடி ஹார்டோனோவிடம் தோற்றார். நம் காலத்தில் தீனா முரளிதரன் என்னும் மலேசியத் தமிழ்ப் பெண், பேர்லி டான் என்னும் சீன வழித் தோழியுடன் ஆடுகிறார். 2025-இல் பாரிசில் நடந்த உலகப் போட்டியில் இருவரும் இறுதியாட்டம் வரை சென்று வெள்ளி பெற்றார்கள். இவ்விணை இந்திய இணையோடு மோதும்போது மல்லேஸ்வரத்துத் தமிழ் வீடு யாருக்குக் கை தட்டுவது? நம் வீட்டில் இதைப் பற்றி விவாதம் நடந்து முடிவு காணப்படவில்லை. இரண்டு பக்கத்துக்கும் கை தட்டுகிறவனுக்குக் கை இரட்டிப்பாக வலிக்கும், அவ்வளவே நஷ்டம்.

இனிக் கூத்தும் பாட்டும். கொரியப் பாட்டுக்கு நம் பிள்ளைகள் ஆடுவது காலத்தின் கேடு என்று சொல்வோர் ஒன்றை நினைவுகூர வேண்டும். 1995-இல் வெளிவந்த ‘முத்து’ என்னும் தமிழ்ப் படம் 1998-இல் டோக்கியோவில் ‘ஆடும் மகாராஜா’ என்று பொருள்படும் பெயருடன் திரையிடப்பட்டது. மாதக்கணக்கில் ஓடியது. தமிழ்ப்பாட்டின் பொருளறியாத ஜப்பானியர் அதற்கு ஆடினார்கள். அவர்களிற் சிலர் தமிழும் கற்றார்கள். புதுப்படம் வெளியாகும் நாளில் சென்னைக்கே வந்து இறங்குகிறார்கள். அதைப் பத்திரிகையில் படித்துப் பூரித்தவர்கள் நாம். ‘இது ஜப்பானா, தமிழ்நாடா?’ என்று அங்கே ஒரு செயற்குழு கேட்டிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த மகாராஜா யார் என்பதையும் எண்ணுக. 1950-இல் இதே பெங்களூரில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்து, கன்னடத்தில் கல்வி கற்று, நகரப் பேருந்தில் கண்டக்டராக வேலை பார்த்து, பின்னரே தமிழுக்கு வந்தவர். வந்தவரைத் தமிழ்நாடு எந்த மொழியில் பிறந்தாய் என்று கேட்டு வாசலில் நிறுத்தவில்லை.

நம் பேட்டைக்கே அப்படி ஒரு கலப்புப் பிறப்பு உண்டு. மல்லேஸ்வரத்துக்குப் பெயர் தந்த காடு மல்லேசுவரர் கோயிலில் 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, சிவாஜியின் சகோதரர் வெங்கோஜி கோயிலுக்குக் கொடை அளித்ததைக் கூறுகிறது. அதே வெங்கோஜி சில ஆண்டுகளில் தஞ்சைக்குச் சென்று அங்கே மராத்திய அரசை நிறுவினார். 1898-இல் பிளேக் நோய் பரவியபோது நெருக்கமான பேட்டைகளை விட்டு மக்கள் தப்பி வந்து குடியேறுவதற்காகவே இப்பகுதி அகலமான தெருக்களுடன் விரிந்தது. மராத்தியர் கொடை, கன்னட மண், பிளேக்குக்கு அஞ்சி வந்த குடிகள், அவர்களுக்குப் பின் வந்த நாம்! இங்கே ‘வெளியார்’ என்று சுட்டுவதற்கு விரலை எங்கே நீட்டுவது?

சென்ற வாரம் நாம் அந்தச் சிறுமியின் வீட்டுக்குச் சென்றோம். சந்தா வாங்கச் சென்றதாகச் சொன்னோம். அது முழு உண்மையன்று. அவள் தாயார் காப்பி கொடுத்தார். சமையலறை மேடையில் இரு பாத்திரங்கள் இருந்தன. ஒன்று கம்பளித் துணியில் சுற்றிய இட்டிலி மாவு. மற்றது மூடியிட்ட ஒரு கண்ணாடி ஜாடி. “இது என்னம்மா?” என்று கேட்டோம். “கிம்ச்சி, தாத்தா. முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி. நானே போட்டேன்” என்றாள் சிறுமி. முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. ஆனால் பெருமை அதை முந்திக்கொண்டது. இட்டிலி மாவைப் பொங்கவைப்பதில் முதலிடம் வகிக்கும் லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிரே கிம்ச்சி புளிப்பதையும் தொடங்கிவைக்கிறது என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. கண்ணுக்குத் தெரியாத அவ்வுயிர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினரன்று.

பேச்சு எழுத்தின்பால் திரும்பியது. கொரிய எழுத்தை ஒரு மாதத்தில், யாரும் சொல்லித் தராமல், நாடகங்களின் பெயர்ப்பலகையைப் பார்த்தே கற்றுவிட்டாள். அவ்வெழுத்து ஸேஜோங் என்னும் அரசர் 1443-இல் ஆக்கி 1446-இல் மக்களுக்கு அளித்தது. சீன எழுத்தைக் கற்க இயலாத ஏழை எளியவரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே அதை அமைத்தார். இன்று வழங்கும் அடிப்படை எழுத்துகள் 24: மெய் 14, உயிர் 10. “மெய்யையும் உயிரையும் ஒரு கட்டத்துக்குள் சேர்த்தால் ஓர் எழுத்து மாதிரி ஆகிவிடும், தாத்தா. நம்முடைய உயிர்மெய் மாதிரிதான். அங்கே அம்மாவை ஓம்மா என்பார்கள், அப்பாவை ஆப்பா என்பார்கள், புல்லுக்கும் புல்தான்” என்றாள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கப் பாதிரியார் இவ்விரு மொழிக்கும் உறவு கற்பித்து ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை. தற்செயல் ஒற்றுமை என்பார்கள். ஆயினும் உயிர்மெய்யைப் பற்றிப் பத்து ஞாயிறு நாம் கரும்பலகையில் எழுதி விளக்கியது ஏறாத மண்டையில், கொரியா வழியாக அது ஏறிவிட்டது என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

“அங்கே தப்பாக எழுதினால் யாரும் சிரிப்பதில்லை” என்றும் சொன்னாள். அவளுடைய விண்ணப்பத்தை உரக்கப் படித்த கதை அவள் காதுக்கு எட்டியிருக்கிறது. நமக்குக் காப்பி கசந்தது.

அப்போது அவள் தாயார் உள்ளே சென்று, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். காலமாகிவிட்ட தம் மாமியார் கும்பகோணத்திலிருந்து மணமாகி இங்கு வந்த நாள் முதல் எழுதிவைத்தது. தாயார் இந்நகரிலேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவர்; தமிழ் பேசுவார், படிக்க அறியார். கணவரும் அவ்வாறே. அந்த வீட்டில் அதைப் படிக்கத்தக்கவர் எவரும் இல்லை. “பாட்டி நோட்டைப் படிக்க வேண்டும் என்றுதான் இவள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள்” என்றார் அந்த அம்மையார். குற்றம் சாட்டும் குரலில் அன்று, தகவலாகத்தான் சொன்னார். அதனால்தான் அது நம்மைச் சுட்டது.

நாம் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினோம். இட்டிலிக்கு அரைக்கும் முறை. இந்த ஊர்க் குளிரில் மாவு பொங்குவதில்லை என்றும், தை வரையில் உளுந்தை ஒரு பிடி கூட்டிப் போட வேண்டும் என்றும், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகே வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரம். காவிரிக் கரையின் வெப்பத்தில் தானே பொங்கும் மாவுக்கு இங்கே துணை வேண்டியிருக்கிறது. புதிய ஊரில் தம் கைப்பக்குவம் பொய்த்துப்போன ஓர் இளம்பெண், அழுதுகொண்டிராமல், அளவை மாற்றிப் பார்த்து, வெற்றி கண்டதை நாள் போட்டு எழுதிவைத்திருக்கிறார். கும்பகோணத்து அளவுதான் தமிழ் அளவு என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த வீட்டில் இட்டிலி என்ற ஒன்றே இருந்திராது.

சிறுமி நோட்டை வாங்கி அதே பக்கத்தைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி “உ-ளு-ந்-து” என்று படித்தாள். அடுத்த சொல் வரவில்லை. மூடிவிட்டாள். “நான் கேட்டதில் என்ன தப்பு, தாத்தா?” என்றாள். நம்மிடம் விடை இல்லை.

வீடு திரும்பும் வழியில் இதை எண்ணிக்கொண்டே வந்தோம். நம் சங்கம் எதைக் காக்கப் பிறந்தது? மேடையில் தமிழ்ப்பாட்டு மட்டுமே ஒலிப்பதையா, நம் வீடுகளில் தமிழ் படிக்கத்தக்க கண் ஒன்றேனும் இருப்பதையா? இரண்டும் வேண்டும் என்று சொல்வது எளிது. ஒன்றைக் காக்க முயன்று மற்றதை இழக்கும் நிலை வந்தால் எதை விடுவது? அன்று கை உயர்த்தும் முன் இக்கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பாட்டை மேடையிலிருந்து தடுத்தோம். அத்துடன் ஒரு வாசகரை வகுப்பிலிருந்தும் அனுப்பிவிட்டோம். கொரியப் பாட்டோ அந்த வீட்டில் இன்றும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. தடையால் நின்றது தமிழ் மட்டுமே.

மாற்றுக் கருத்தும் உண்டு. அதை மறைக்க மாட்டோம். “ஆண்டுக்கு ஒரு நாள் நமக்கென்று ஒரு மேடை, அதிலுமா பிறர் பாட்டு?” என்று கேட்கும் நண்பரின் மனவேதனை பொய்யன்று. தொலைக்காட்சியும் கைப்பேசியும் எந்நேரமும் பிறவற்றைக் கொட்டுகின்றன. நம் மேடை ஒன்றேனும் ஒதுங்கி நிற்கட்டும் என்கிறார். அவருக்கு நம் விடை இது: இரண்டு மணி நேர விழாவில் நான்கு நிமிடம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். பாட்டு தொடங்கும் முன் அதன் பொருளை அச்சிறுமியே மேடையில் நின்று தமிழில் எழுதிப் படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்போம். பிழை இருந்தால் வகுப்பில் திருத்துவோம். கூட்டத்தில் சிரிக்க மாட்டோம்.

வருகிற ஞாயிறு மாலை செயற்குழு மீண்டும் கூடுகிறது. கார்த்திகையில் உயர்த்திய நம் கையை அன்று இறக்கிக்கொள்ளப் போகிறோம். முன் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கோரித் தலைவருக்கு எழுதியும் கொடுத்துவிட்டோம். நேயர்கள் தம் கருத்தை எழுதலாம். நமக்கு எதிரான கருத்தாயினும் இப்பகுதியில் வெளிவரும்.

கடைசியாக ஒரு செய்தி. சென்ற ஞாயிறு தமிழ் வகுப்பில் புதிய மாணவர் ஒருவர் சேர்ந்தார். சிறுமியன்று, அவள் தாயார். கன்னட எழுத்து அறிந்தவராதலால் விரைவில் பிடித்துக்கொள்வார் என்று நம்புகிறோம். எண்ணெய்க் கறை படிந்த நோட்டும் உடன் வந்திருந்தது. மகள் இன்னும் வரவில்லை. பின் வரிசையில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம்.